சதுப்புக் குருவியின் வம்ச சரித்திரம்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தச் சரித்திரத்தைப் படித்தாலும், "இதில் வில்லன் யார்?" என்று தேடத் தொடங்கிவிடுவான். ஒரு ராஜ்யம் விழுந்த கதையானாலும் சரி, ஒரு குடும்பம் நொடித்துப் போன கதையானாலும் சரி, மீசையை முறுக்கிக்கொண்டு எவனாவது ஒருவன் ஒரு மூலையில் நிற்பான். அவன் தலையில் பழியைப் போட்டுவிட்டால் வாசகர்களுக்கும் திருப்தி, எழுதுகிறவனுக்கும் நிம்மதி. நான் இப்போது சொல்லப் போகிற சரித்திரத்தில் அப்படி ஒருவன் எனக்கு அகப்படவே இல்லை. நல்லவர்கள் இருந்தார்கள். கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். சட்டம் இருந்தது, பணம் இருந்தது, சந்திரனுக்கு ஆள் அனுப்புகிற சாமர்த்தியம்கூட இருந்தது. அத்தனையும் இருந்தும், அவர்கள் கண்ணெதிரே, அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே, ஒரு வம்சம் பூண்டற்றுப் போயிற்று.

வம்சம் என்றதும் பாண்டியர், பல்லவர் என்று நினைத்துவிட வேண்டாம். இது ஒரு குருவியின் வம்சம்.

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில், சமுத்திரத்துக்குள் கட்டை விரலை நீட்டினாற் போல் இருக்கிற மாகாணம் பிளாரிடா. அதன் கிழக்குக் கரையை ஒட்டி, ஒரு நீண்ட காயலுக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவே மெரிட் தீவு இருக்கிறது. தீவுக்கு மேற்கே, நிலப்பகுதியில், ஸெயிண்ட் ஜான்ஸ் என்று ஒரு நதி தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது. நதி என்றதும் ஆடி மாதத்துக் காவிரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது சோம்பேறி நதி. 310 மைல் ஓடியும் முப்பது அடிகூடக் கீழே இறங்குவதில்லை. ஆகவே போகிற வழியெல்லாம் படுத்துப் படுத்து எழுந்திருக்கும். அது படுத்த இடமெல்லாம் சதுப்பு.

தீவின் உப்புச் சதுப்பு ஒன்று. இந்த நதிக்கரைச் சதுப்பு ஒன்று. இந்த இரண்டு இடங்களில்தான், உலகத்தில் வேறு எங்கும் இல்லாதபடி, நம்முடைய கதாநாயகன் வாழ்ந்தான்.

1872-ஆம் வருஷம் சார்ல்ஸ் மேனார்டு என்ற இயற்கை ஆராய்ச்சிக்காரர் அவனைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷம் ராபர்ட் ரிட்ஜ்வே என்ற பறவை சாஸ்திரி, கறுத்தது என்று அர்த்தம் கொடுக்கும் லத்தீன் பெயரைச் சூட்டினார். கடலோரச் சதுப்புகளில் வாழும் சிட்டுக்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரை நெடுகவும், அப்பால் மெக்ஸிகோ வளைகுடாக் கரையிலும் உண்டு. அவையெல்லாம் சாம்பலும் பழுப்புமாக இருக்கும். இவன் ஒருவன்தான் முதுகெல்லாம் கறுத்து, வெள்ளை மார்பிலே மைக்கோடு கோடாக இழுத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு மஞ்சள் பொட்டு வைத்துக்கொண்டு தனியாகத் தெரிந்தான். ஊர் ஜனங்கள் வைத்த பெயர் 'டஸ்கி'. அந்தி மங்கின வேளையின் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நாமும் அப்படியே அழைப்போம்.

சங்கீதம் பிரமாதம் என்று சொல்ல முடியாது. குயிலோடு போட்டிக்கு நிற்கக்கூடிய குரல் அல்ல. இரண்டு சின்ன உருட்டு உருட்டிவிட்டு, வண்டு ரீங்கரிக்கிற மாதிரி ஓர் இழுப்பு, அவ்வளவுதான் பாட்டு. ஆனால் அந்தப் பாட்டைப் பாடுவதற்கு ஆண் சிட்டு புல்லின் நுனிக்கு ஏறி வந்து உட்காரும். பெண் சிட்டு பாடாது, வெளியிலும் வராது. புல்லின் அடியிலே எலி போல ஓடித் திரியும். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

டஸ்கி தேசாந்தரம் போகிற பறவை அல்ல. பனிக்கும் மழைக்கும் அதே இடம். அதற்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு ஜாதிப் புல்: குத்துக் குத்தாக வளரும், கோரையைப் போல விறைத்த புல். கூட்டை அந்தக் குத்துக்குள் தரைக்குச் சற்று மேலே பின்னி வைக்கும். தண்ணீர் அதிகமானால் கூடு மூழ்கும். தண்ணீர் வற்றிவிட்டால் புல்லுக்கு நடுவே புதர் முளைக்கும், நெருப்பும் பிடிக்கும். மரம் கிட்டத்தில் இருந்தாலே அதற்குப் பிடிக்காது. கொஞ்சம் ஈரம், கொஞ்சம் உப்பு, விசாலமான புல்வெளி, அவ்வளவுதான் கேட்டது. கேட்டது கொஞ்சம்தான், ஆனால் அதில் அரை விரற்கடை விட்டுக்கொடுக்க அதற்குத் தெரியாது. எத்தனையோ பெரிய குடும்பங்கள் கெட்டது இந்தக் குணத்தால்தான்.

இனி, கொசுவின் பிரவேசம்.

டஸ்கிக்குச் சுகமான இடம் கொசுவுக்கும் சுகமான இடம். அந்தப் பிரதேசத்தின் கொசுப் பெருமையைச் சொல்ல ஓர் அத்தாட்சி போதும். 1824 முதல் 1845 வரையில் அந்த ஜில்லாவுக்குச் சர்க்கார் தஸ்தாவேஜுகளிலேயே 'கொசு ஜில்லா' என்றுதான் பெயர்! பெயரைச் சொன்னால் குடியேற ஆள் வரமாட்டான் என்றோ என்னவோ பிறகு ஆரஞ்சு ஜில்லா என்று மாற்றினார்கள். தீவுக்கு வடக்கே இருக்கிற காயலுக்கு இன்றைக்கும் 'கொசுக் காயல்' என்றே பெயர்.

அங்கே குடியிருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொசுவோடு குடித்தனம் நடத்திப் பழகிய நமக்குத் தெரியாதா அந்தக் கஷ்டம்? 1940-களில் டி.டி.டி. என்ற மருந்து வந்தபோது, அவர்கள் அதைத் தேவாமிர்தம் போல வரவேற்றார்கள். ஆகாய விமானத்திலிருந்து சதுப்பு முழுவதும் தெளித்தார்கள். கொசு செத்தது, கொசுவோடு பூச்சியெல்லாம் செத்தது, பூச்சியைத் தின்று குஞ்சு வளர்த்த சிட்டும் குறைந்தது. ஆனால் சில வருஷங்களுக்குள் கொசு அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டுவிட்டது. சிட்டுக்குப் பழகிக்கொள்ளத் தெரியவில்லை.

மருந்து தோற்றதும் என்ஜினீயர்கள் வந்தார்கள். அவர்கள் யோசனை வெகு புத்திசாலித்தனமானது. உப்புச் சதுப்புக் கொசு தேங்கின தண்ணீரில் முட்டையிடாது. ஈரமான சேற்றில்தான் இடும்; அப்புறம் அலையோ மழையோ வந்து அந்தச் சேற்றை நனைத்தால் லட்சம் லட்சமாகப் பொரியும். ஆகவே சேறே வெளியில் தெரியாதபடி தண்ணீரை எப்போதும் நிறுத்தி வைத்துவிட்டால்? முட்டையிட இடமே இராது அல்லவா! 1950-களில் மெரிட் தீவின் சதுப்புகளைச் சுற்றிக் கரை போட்டு, ஏரி ஏரியாகத் தண்ணீரைத் தேக்கினார்கள்.

யோசனை பலித்தது. கொசு அடங்கியது. டஸ்கியின் புல் வேரழுகிச் செத்தது. அந்த இடத்தில் சம்பு முளைத்தது. மிச்ச இடமெல்லாம் வெறும் நீர்ப்பரப்பு. வாத்துக்கள் ஆனந்தமாக வந்து இறங்கின. பார்க்கிறவர்களுக்கு அது எவ்வளவு அழகான காட்சி! தண்ணீரும் வாத்தும் கண்ணுக்குத் தெரிகிற அழகு. புல்லுக்குள் ஓடுகிற கறுப்புச் சிட்டு கண்ணுக்குத் தெரியாத அழகு. கண்ணுக்குத் தெரிவது ஜயித்தது.

இந்தச் சமயத்தில் சந்திரன் கதைக்குள் வருகிறது.

1961-ஆம் வருஷம் மே மாதம், பத்து வருஷம் முடிவதற்குள் சந்திரனுக்கு மனிதனை அனுப்பித் திரும்பக் கொண்டுவருவோம் என்று ஜனாதிபதி கென்னடி சபதம் செய்தார். ராக்கெட்டு கிளம்புவதற்கு இடம் வேண்டுமே? சமுத்திரக் கரையாக இருக்க வேண்டும். சுற்றிலும் ஜன நடமாட்டம் குறைவாக இருக்க வேண்டும். 1962-இல் நாசா மெரிட் தீவில் பெரும் பகுதியை வாங்கத் தொடங்கியது. தனக்கு உடனடியாக வேண்டாத நிலத்தை அடுத்த வருஷமே வனவிலங்குகளுக்குச் சரணாலயமாக விட்டுக்கொடுத்தது. இதிலும் வில்லத்தனம் ஒன்றும் இல்லை, பாருங்கள். வீட்டுமனை போட்டு விற்கிறவர்கள் கையில் அந்தத் தீவு அகப்பட்டிருந்தால் இன்று புல்லும் இல்லை, வாத்தும் இல்லை. ஆனால் ராக்கெட்டு நிலையத்தில் வேலை செய்கிற ஆயிரக்கணக்கானவர்களைக் கொசு கடிக்கக் கூடாதே! கரைகள் அப்படியே இருந்தன; தண்ணீர் அப்படியே நின்றது.

1969 ஜூலை 16-ஆம் தேதி அப்போலோ-11 அந்தத் தீவிலிருந்துதான் கிளம்பியது. உலகமே அண்ணாந்து பார்த்த நாள். அதற்கு முந்தின வருஷத்துக் கணக்குப்படி அதே தீவில் பாடிக்கொண்டிருந்த டஸ்கிகள் முப்பதுக்குச் சற்று அதிகம். மனிதன் இரண்டரை லட்சம் மைல் தாண்டிப் போய் ஒரு புல் பூண்டு இல்லாத இடத்தில் கால் வைத்தான். காலடியில் இருந்த புல்லில் என்ன நடக்கிறது என்று பார்க்க அன்றைக்கு யாருக்கும் அவகாசம் இல்லை. 1970-கள் முடிவதற்குள் மெரிட் தீவில் ஒரு டஸ்கிகூட இல்லை.

போகட்டும், நதிக்கரைச் சதுப்பு இருக்கிறதே என்று நீங்கள் சொல்வீர்கள். அங்கே இருந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 1968-இல் எடுத்த கணக்கில் ஸெயிண்ட் ஜான்ஸ் நதிக்கரையில் சுமார் 900 ஆண் சிட்டுகள் இருப்பதாகத் தெரிந்தது. 1967-இல் அமெரிக்க சர்க்கார் வெளியிட்ட, அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் முதல் ஜாபிதாவிலேயே டஸ்கியின் பெயர் ஏறிவிட்டது. 1971-இல் நதிக்கரையில் சரணாலயம் அமைத்து, துண்டு துண்டாக சுமார் 6,000 ஏக்கர் வாங்கினார்கள். 1973-இல் உலகமே மெச்சிய பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. காகிதத்தில் டஸ்கிக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் ராக்கெட்டு வந்தால் தொழிலாளி வருவான். தொழிலாளி வந்தால் வீடு வரும். வீடு வந்தால் ரஸ்தா வரும். 1971-இல் உள்நாட்டில் ஆர்லாண்டோ நகரத்துக்கு அருகே டிஸ்னி வேர்ல்டு என்ற பிரம்மாண்டமான விளையாட்டு உலகம் திறக்கப்பட்டது. ஆர்லாண்டோவிலிருந்து ராக்கெட்டு நிலையத்துக்கு நேராகப் போக ஒரு விசாலமான ரஸ்தா சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று. வீட்டுமனைகளுக்காக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். தீவில் தண்ணீர் அதிகமாகிக் கெட்டது. இங்கே தண்ணீர் குறைந்து கெட்டது. காய்ந்த புல்லில், மாடு மேய்க்கிறவர்கள் இளம்புல் தளிர்க்கட்டும் என்று வைத்த நெருப்பு எல்லை தாண்டி வந்தது. சரணாலயத்தின் வேலிக்கு நெருப்பு மரியாதை கொடுக்குமா? வேலிக்கு வெளியே வெட்டிய வாய்க்கால் வேலிக்கு உள்ளே இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போயிற்று. குளிர்காலத்துக்குக் குளிர்காலம் சதுப்பு எரிந்தது.

அவர்கள் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் சேற்றில் இறங்கி, விடியற்காலையில் காது கொடுத்துக் கேட்டு, ஒழுங்காகக் கணக்கு எழுதினார்கள். 1968-இல் சுமார் 900. பத்து வருஷம் கழித்து 1978-இல் 24. எண்ணியவர்களின் சிரத்தையைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் எண்ணியது எதை? பாடுகிறவர்களை. புல் நுனியில் ஏறி நின்று பாடுகிறவன் ஆண். ஓர் ஆண் பாடினால், அடியிலே ஒரு பெண் இருப்பாள் என்று ஓர் அனுமானம். நம் வீடுகளில் வாசல் திண்ணையில் பேச்சுச் சத்தம் கேட்டால் அடுப்படியில் ஒருத்தி இருப்பாள் என்று எடுத்துக்கொள்கிறோமே, அது மாதிரி. கடைசியாக ஒரு பெண் டஸ்கி கண்ணில் பட்டது 1975-இல். அதற்குப் பிறகு எந்தச் சதுப்பிலும் எவரும் ஒரு பெண்ணைப் பார்க்கவில்லை. ஆண்கள் மாத்திரம் வருஷா வருஷம் புல் நுனிக்கு ஏறி, கேட்க ஆள் இல்லாத பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். கணக்குப் புத்தகத்தில் அவர்கள் பெயர் ஏறிக்கொண்டிருந்தது.

இந்தச் சரித்திரத்தைப் படித்தபோது வேறு எந்த இடத்தையும்விட இந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டையை அடைத்தது. வம்சம் முடிந்து போன செய்தி முடிந்தபோது தெரிவதில்லை. பாட்டுச் சத்தம் கொஞ்ச காலம் அதை மறைத்துவிடுகிறது.

1979-இல் மிச்சம் இருந்தது என்று நிச்சயமாகத் தெரிந்த சிட்டுகள் ஆறு. ஆறும் ஆண். ஐந்தைப் பிடித்தார்கள். அடையாளத்துக்காகக் காலிலே வெவ்வேறு வர்ண வளையம் மாட்டியிருந்ததால், அதுவே பெயராகவும் ஆயிற்று: ஆரஞ்சு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம். பச்சை வளையம் போட்டவன் மட்டும் கைக்குச் சிக்கவில்லை. 1980 ஜூலைக்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

பெண் இல்லாத வீட்டில் ஐந்து பிரம்மசாரிகள். என்ன செய்வது? புளோரிடா ஆடுபான் என்ற பறவைச் சங்கத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் கேல் என்பவரும் வேறு சிலரும் ஒரு வழி சொன்னார்கள். உறவுக்காரக் கிளையிலிருந்து பெண் எடுப்பது! மெக்ஸிகோ வளைகுடாக் கரையில், நிறத்திலே ஓரளவு நெருங்கி வருகிற கடலோரச் சிட்டு இருக்கிறது. அந்தப் பெண்ணை டஸ்கிக்குக் கட்டினால் பிறக்கிற குஞ்சு பாதி டஸ்கி. அந்தக் குஞ்சு பெண்ணாக இருந்து, அதை இன்னொரு டஸ்கியோடு சேர்த்தால் முக்கால். அப்புறம் எட்டில் ஏழு பங்கு; பிறகு பதினாறில் பதினைந்து. பாதி தண்ணீர் கலந்த பாலில் பாதியைக் கொட்டிவிட்டு நல்ல பாலை ஊற்று. மறுபடி பாதியைக் கொட்டி மறுபடி ஊற்று. நாலு தடவை செய்தால் எந்தப் பால்காரனும் அதைத் தண்ணீர்ப் பால் என்று சொல்லமாட்டான். குஞ்சு பிறக்கும் என்பதையும் கெயின்ஸ்வில் நகரத்தில் செய்து காட்டினார்கள்.

இங்கேதான் நம் ஊர்ச் சம்பந்திச் சண்டை ஒன்று அமெரிக்காவில் நடந்தது. மீன் - வனவிலங்கு இலாகாவின் உத்தியோகஸ்தர்கள், "பிறக்கிறது கலப்பு. சட்டம் டஸ்கியைக் காப்பாற்றச் சொல்கிறதே தவிர, டஸ்கி மாதிரி ஒன்றைக் காப்பாற்றச் சொல்லவில்லை" என்ற நிலையை எடுத்தார்கள். இதற்குச் சர்க்கார் பணம் கொடுக்காது என்று கைவிரித்துவிட்டார்கள். முட்டாள்தனமான வாதம் என்று தள்ளிவிட முடியாது. கலப்பையெல்லாம் ஒத்துக்கொண்டால் நாளைக்குச் சட்டத்தின் எல்லை எங்கே நிற்கும் என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் இலாகா யோசித்தால் காலமும் யோசிக்குமா? ஒரு சிட்டின் ஆயுசு எத்தனை வருஷம்! கோத்திரம் சரியா, பிரவரம் சரியா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, மாப்பிள்ளைகளுக்கு வயதாகிக்கொண்டே இருந்தது.

கடைசியில் தனியார் பணத்தில், 1983-இல், மிச்சம் இருந்த நாலு கிழவர்களும் புது வீட்டுக்குக் குடி போனார்கள். எங்கே தெரியுமா? டிஸ்னி வேர்ல்டுக்குள் இருந்த 'கண்டுபிடிப்புத் தீவு' என்ற மிருகக்காட்சித் தோட்டத்துக்கு! அந்த விளையாட்டு உலகத்தின் பக்கம் போகிற ரஸ்தா அவர்கள் சதுப்பைப் பிளந்தது. அந்த உலகமே கடைசிக் காலத்தில் அவர்களுக்குக் கஞ்சி வார்த்தது. நாவலில் இப்படி எழுதினால், "செயற்கையாக இருக்கிறது, ஐயா!" என்று விமர்சகர் எழுதுவார்.

அங்கே நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். சில கலப்புக் குஞ்சுகளும் பிறந்தன. ஆனால் கிழவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். 1986 வசந்தத்தில் மிஞ்சியவன் ஆரஞ்சு வளையம் ஒருவனே. ஒரு கண் குருடு. ஒன்பது வயதாவது இருக்கும், பதின்மூன்றுகூட இருக்கலாம் என்றார்கள். சிட்டுக்கு அது சதாபிஷேக வயது. 1987 ஜூன் 17-ஆம் தேதி அவனும் கண்ணை மூடினான். 1989-இல் அடித்த ஒரு புயலில் கலப்புக் குஞ்சுகளின் கூண்டும் சேதப்பட்டு, இருந்தவை செத்தும் பறந்தும் போயின. 1990 டிசம்பரில் சர்க்கார் ஆபத்தில் உள்ளவர்களின் ஜாபிதாவிலிருந்து டஸ்கியின் பெயரை அடித்தது. காப்பாற்றுவதற்கு ஆள் இல்லை என்பது காரணம்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் சரித்திரம் என்பது நாவலாசிரியரைவிடக் குரூரமானது; ஓர் அத்தியாயம் மிச்சம் வைத்திருந்தது.

ஆரஞ்சு வளையத்தின் உடலிலிருந்து எடுத்த சதையை ஜார்ஜியா சர்வகலாசாலையில் ஜான் அவிஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகா வில்லியம் நெல்ஸனும் பரிசோதனை செய்தார்கள். தாய் வழியாக மட்டுமே இறங்கி வருகிற ஒரு வகை டி.என்.ஏ. உண்டு. வம்சாவளி பார்ப்பதற்கு அது ஒரு நம்பிக்கையான ஏடு. 1989-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: அட்லாண்டிக் கரை நெடுக வாழ்கிற சாதாரணக் கடலோரச் சிட்டுக்கும் டஸ்கிக்கும் அந்த ஏட்டிலே வித்தியாசம் இல்லை. வளைகுடாக் கரைச் சிட்டோ நெடுங்காலத்துக்கு முன்பே பிரிந்து போன தூரத்துக் கிளை.

அதாவது, பெண் எடுத்ததே தப்பான வீட்டில்! நிறத்தைப் பார்த்து எடுத்தார்கள். ரத்தம் வேறு வீட்டில் இருந்தது. கோத்திரம் பேசிச் சம்மதம் தராதவர்களுக்கும் கோத்திரம் தெரியவில்லை. சம்மதம் தந்தவர்களுக்கும் தெரியவில்லை. ஒரே ஓர் ஏட்டை வைத்து முழு ஜாதகத்தையும் சொல்லிவிட முடியாது என்று வாதித்த பறவை சாஸ்திரிகளும் உண்டு. 1973-லேயே டஸ்கி தனி ஜாதி அல்ல, கடலோரச் சிட்டின் ஒரு கிளைதான் என்று அமெரிக்கப் பறவையியல் சங்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

"அப்படியானால் போனது பெரிதில்லையே?" என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்தக் கறுப்பு நிறத்தை அந்தச் சிட்டுக்குக் கொடுத்தது அந்தச் சேறும் அந்தப் புல்லும் அந்த ஈரமும்தான். எத்தனையோ தலைமுறை அங்கேயே கிடந்து வாங்கின நிறம். ஏட்டில் வித்தியாசம் எழுதவில்லை என்பதற்காக, தஞ்சாவூர்க்காரரும் திருநெல்வேலிக்காரரும் ஒரே பேச்சுப் பேசுகிறார்கள் என்று சொல்லிவிட முடியுமா? ஒரு பேச்சு மறைந்தால், அதைப் பேசின மண்ணும் ஏதோ ஒரு விதத்தில் மறைந்தது என்றுதான் அர்த்தம். சதுப்பு இருந்திருந்தால் சிட்டின் கோத்திரத்தைப் பற்றி யாரும் சண்டை போட்டிருக்க வேண்டியதே இல்லை. புல்லைக் காப்பாற்ற வேண்டிய காலத்தில் சிட்டை எண்ணினார்கள். பெண் சிட்டைப் பிடிக்க வேண்டிய காலத்தில் நிலம் வாங்கினார்கள். கலந்து வளர்க்க வேண்டிய காலத்தில் சட்டம் படித்தார்கள். ஒவ்வொன்றும் நல்ல காரியம். ஒவ்வொன்றும் ஒரு படி தாமதம்.

ஆரஞ்சு வளையம் இன்று பிளாரிடாவின் இயற்கைச் சரித்திரப் பொருட்காட்சிச் சாலையில் ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் இருக்கிறான். மெரிட் தீவில் பல கரைகளைத் திறந்துவிட்டு உப்பு நீரை மறுபடி உள்ளே வரச் செய்திருக்கிறார்கள். புல் திரும்பி வந்த இடங்களும் உண்டு.

இப்போது தெற்கே கொஞ்சம் இறங்கி வாருங்கள். அதே பிளாரிடாவின் தென்கோடியில் எவர்கிளேட்ஸ் என்ற மகா சதுப்பு. அங்கே டஸ்கிக்குச் சித்தப்பா பிள்ளை முறையாகிற சிட்டு ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. 1918-இல் ஸேபிள் முனையில் கண்டுபிடித்ததால் அந்த முனையின் பெயரே அதற்கும். 1935-இல் வந்த பெரும் புயலில் அழிந்தே போயிற்று என்று நினைத்தார்கள்; தப்பிப் பிழைத்தது. 1967-இல் வெளியான அதே ஜாபிதாவில் டஸ்கியோடு கூட இதன் பெயரும் ஏறியது. 1981-இல் ஹெலிகாப்டரில் இறங்கி இறங்கி எடுத்த கணக்கில் சுமார் 6,600 இருந்தன. 1990-களுக்குப் பிறகு மூவாயிரத்தைச் சுற்றியும் அதற்குக் கீழுமாக இருந்து வருகிறது.

இதன் கஷ்டமும் அண்ணன் பட்ட கஷ்டமே. தரைக்கு அரை அடி உயரத்தில் கூடு. முட்டையிட்டுக் குஞ்சு வெளியேற நாற்பது நாளாவது தரை காய்ந்திருக்க வேண்டும். 1928-இல் போட்ட தாமியாமி ரஸ்தா அணை போலக் குறுக்கே நின்று, வடக்கிலிருந்து பரவி வந்த தண்ணீரைத் தடுத்தது. மதகு திறந்தால் ஒரு பக்கம் வெள்ளம். திறக்காத பக்கம் வறட்சியும் நெருப்பும். 1993 முதல் சில வருஷம் மழை அதிகமாகி, கூடு கட்டுகிற காலத்தில் மேற்குப் பக்க மதகுகளைத் திறந்துவிட்டதில், அந்தப் பக்கத்துச் சிட்டுகள் ஆயிரக்கணக்கிலிருந்து நூற்றுக்கணக்குக்கு விழுந்தன. சிட்டுக்காக மதகை மூடினாலோ, ரஸ்தாவுக்கு வடக்கே வாழ்கிற மிக்கசூக்கி என்ற பழங்குடி மக்களின் நிலத்தில் தண்ணீர் ஏறி நிற்கிறது. அவர்கள் நியாயம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள். இதிலும் வில்லன் இல்லை, கவனித்தீர்களா?

ஆனால் சில பாடங்கள் ஏறியிருக்கின்றன. ரஸ்தாவைத் தூக்கிப் பாலமாக்கித் தண்ணீரைப் பழைய வழியில் விட ஏற்பாடு நடந்து வருகிறது. ஒரு மைல் நீள முதல் பாலம் 2013-இல் முடிந்தது. அதே மாகாணத்தில் உலர்ந்த புல்வெளியில் வாழும் வேறொரு சிட்டு நூற்றுக்கும் கீழே போனபோது, இந்தத் தடவை பெண் பறவைகள் இருக்கும்போதே பிடித்து வளர்த்து, 2019 முதல் வெளியே விட்டு வருகிறார்கள். டஸ்கி சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன பாடம் அது. குருதட்சிணை கொஞ்சம் அதிகம்தான்.

வில்லனைத் தேடி இவ்வளவு தூரம் வந்தேன். கொசுவுக்குப் பயந்தவர், சந்திரனுக்கு ஆசைப்பட்டவர், வீடு கட்ட வந்தவர், மாட்டுக்குப் புல் தேடினவர், சட்டத்தை மீறப் பயந்தவர் - இத்தனை பேரையும் விசாரித்தாயிற்று. ஒவ்வொருவரும் நம்மைப் போலவே இருக்கிறார்கள்.

டஸ்கியின் பாட்டை ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். இரண்டு உருட்டு, ஓர் இழுப்பு. சில விநாடிகளில் முடிந்துவிடும். தெற்கே அதன் தம்பி ஒவ்வொரு வருஷமும் மார்ச்சு வாக்கில் புல் நுனிக்கு ஏறிப் பாடத் தொடங்குகிறது. அதைக் கேட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள், எழுதின கையோடு மதகுக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். புல்லுக்கு அடியில் பாடாமல் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இன்னும் நாற்பது நாள் தரை காய்ந்திருக்க வேண்டும்.